கேட்டால் கிடைக்காத டி.சி., கேட்காமலே கிடைக்கும் டி.சி.

மே மாதக் கடைசி. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக ஒரு மெட்ரிக் பள்ளி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எட்டாவது முடித்த மகனை அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அதற்கு மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. வேண்டும். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் டி.சி. புத்தகத்தை எடுக்கவில்லை, கட்டண லெட்ஜரை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். "18,500 நிக்குதும்மா. கட்டிட்டு வாங்கிக்குங்க."

அந்தப் பையன், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டிய 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்தவன். கல்விக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. 18,500 என்பது வேன், ஸ்மார்ட் கிளாஸ், புத்தகம், 'ஆக்டிவிட்டி' என்று நாலைந்து தலைப்பில் மூன்று வருடமாகச் சேர்ந்த தொகை. அதில் வேன் பாக்கி உண்மைதான் என்று அக்காவே ஒப்புக்கொண்டார். மற்றதெல்லாம் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, கிளார்க்கும் சொல்லவில்லை.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு நேர்மாறான கதை. அவர் மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது முடித்தவள், கணக்கில் கொஞ்சம் சுணக்கம். "பத்தாவதுக்கு வேற ஸ்கூல் பாத்துக்குங்க சார்" என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவர் விண்ணப்பமே எழுதவில்லை. டி.சி. மட்டும் தயார்.

தமிழ்நாட்டில் பெற்றோருக்கும் மாணவருக்கும் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்க்க இந்த ஒரு தாளைப் பின்தொடர்ந்தாலே போதும். சட்டம் நாம் நினைப்பதைவிடப் பெற்றோர் பக்கம் கூடுதலாகவே சாய்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். பள்ளியின் பலம் எல்லாம் பேச்சு அந்த ஜன்னலிலேயே, வாய்மொழியாகவே முடிந்துவிடுவதில்தான் இருக்கிறது.

பெயர் என்னவோ மாற்றுச் சான்றிதழ். உள்ளே இருப்பது ஒரு பிள்ளையின் ஜாதகம் மாதிரி: அப்பா அம்மா பெயர், மதம், சாதி, பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், உடம்பில் எங்கெங்கே மச்சம், எந்த வகுப்பில் சேர்ந்து எந்த வகுப்பில் விட்டார், மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றாரா, நடத்தை எப்படி. சாதி, மதம் கட்டத்தைக் காலியாக விடவோ 'இல்லை' என்று எழுதிக்கொள்ளவோ பெற்றோருக்கு உரிமை உண்டு என்று 1973லேயே அரசாணை வந்துவிட்டது. இட ஒதுக்கீடு வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் அது சரிப்படும் என்பது வேறு விஷயம். இன்றைக்கும் அப்படிக் கேட்டால் "கம்ப்யூட்டர் ஒத்துக்காது சார்" என்ற பதில் வருவதுண்டு.

இந்தக் கட்டங்களில் இரண்டு நம் கதைக்கு முக்கியம். ஒன்று, 'மாணவர் பள்ளிக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் அனைத்தையும் செலுத்திவிட்டாரா' என்பது. இன்னொன்று, பெற்றோர் அல்லது பாதுகாவலர் டி.சி. கேட்டு விண்ணப்பித்த நாள். முதல் கட்டத்தைக் காட்டித்தான் பள்ளிகள் டி.சி.யை நிறுத்தி வைக்கின்றன. இரண்டாவது கட்டம் என்ன சொல்கிறது என்பதை அப்புறம் பார்ப்போம்.

நெடுங்காலம் இந்தியாவில் கல்வி, அரசு செய்ய முயல வேண்டிய காரியமாக மட்டும் அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் இருந்தது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கிலும் 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்று சொன்னது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்து 21ஏ பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமையானது. அதே திருத்தம் அந்த வயதுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை என்றும் ஒரு வரி சேர்த்திருப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவர எழுதப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

டி.சி. பற்றி அந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவு பேசுகிறது. பிள்ளை எந்தக் காரணத்துக்காக வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தாலும் மாறிக்கொள்ளலாம். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனடியாக டி.சி. தர வேண்டும். தாமதித்தால் அவர்மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணமாகக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்று 14ஆவது பிரிவு சொல்கிறது.

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் சில ஓட்டைகள். மாறிக்கொள்ளும் உரிமை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் போகத்தான். ஒரு தனியார் பள்ளியிலிருந்து இன்னொரு தனியார் பள்ளிக்கு மாறுவதை இந்தப் பிரிவு உரிமையாக்கவில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊருக்கு ஊர் மிஷன் பள்ளி இருக்கும் தமிழ்நாட்டில் இது சின்ன விலக்கு இல்லை. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பிப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வயது. 14 வயதோடு, அதாவது எட்டாவதோடு, சட்டத்தின் கை எட்டாமல் போகிறது. இலவச ஒதுக்கீட்டுப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்பார்கள். டி.சி. கேட்டு ஜன்னலில் நிற்கும் கூட்டத்தில் எட்டாவது முடித்த பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான். பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் வந்து நின்றார்.

டி.சி.யைப் பொறுத்தவரை இந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று தொடர்ந்த வழக்கில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு தெளிவாகச் சொன்னது: டி.சி. என்பது பாக்கிக் கட்டணத்தை வசூலிக்கும் கருவி அல்ல, பெற்றோரின் வசதியை அளக்கும் அளவுகோலும் அல்ல. அது பிள்ளையின் பெயரில் உள்ள பிள்ளையின் ஆவணம். கட்டணம் கட்டவில்லை என்று அதில் எழுதுவது பெற்றோர் தவறியதற்குப் பிள்ளைமேல் முத்திரை குத்துவது. அப்படி எழுதவும் கூடாது. கட்டண பாக்கிக்காகப் பிள்ளையை அவமானப்படுத்துவது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடுக்கும் மனத் துன்புறுத்தலில் சேரும். புதிய பள்ளிகள் சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தமிழ்நாடு கல்வி விதிகளையும் மெட்ரிக் பள்ளிகளுக்கான விதித்தொகுப்பையும் இதற்கேற்ப மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மேலே சொன்ன முதல் கட்டத்தின் கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழைய பூட்டு உடைந்த இடத்தில் புதுப் பூட்டு ஒன்று வந்திருக்கிறது, பெயர் எமிஸ். தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளி மாணவருக்கும் கல்வித் துறையின் இந்த இணையத் தொகுப்பில் ஓர் எண் உண்டு. பிள்ளை ஒரு பள்ளியை விட்டுப் போகும்போது அந்தப் பள்ளி அவரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். அனுப்பவில்லை என்றால்? புதிய பள்ளியில் பிள்ளை உட்கார்ந்து படிப்பார். ஆனால் கணினியில் இன்னும் பழைய பள்ளியின் மாணவர்தான். இலவசப் புத்தகம், சைக்கிள், உதவித்தொகை எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் நகர்கின்றன. தாளைக் கொடுத்துவிட்டு எமிஸை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். தாளில் செய்யக் கூடாதது கணினியிலும் கூடாது. அதனால் டி.சி. கேட்டு எழுதும் கடிதத்திலேயே "எமிஸ் பொதுப் பட்டியலுக்கும் மாற்றித் தரவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

சரி, அந்த 18,500க்கு வருவோம். பாக்கி என்று பள்ளி சொல்வதெல்லாம் பாக்கிதானா? தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் குற்றம். குறைந்தது மூன்று வருடம், கூடுதலாக ஏழு வருடம் சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பிரிவில் சிறைக்குப் போன தாளாளர் ஒருவரைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. குழுவின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் எந்த வகுப்புக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பல பெற்றோர் முதல்முறை அதைப் பார்க்கும்போது தாங்கள் கட்டுவதில் பாதிகூட அங்கே இல்லையே என்று திகைப்பார்கள். மீதிக்கான ரசீதை எடுத்துப் பாருங்கள். பள்ளியின் பெயரில் இருக்காது, ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், அல்லது ரசீதே இருக்காது, ஒரு துண்டுச் சீட்டு.

இலவச ஒதுக்கீட்டுப் பிள்ளையின் நிலை இன்னும் தெளிவு. அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. புத்தகம், சீருடைச் செலவையும் அரசுதான் ஏற்க வேண்டும், பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அக்காவின் கணக்கில் வேனைத் தவிர மற்றதற்கு நியாயம் சொல்வது கடினம்.

பள்ளிகள் தரப்பையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. பாக்கியை வசூலிக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பெற்றோர்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையின் தாளைப் பணயமாக வைக்காதீர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆனால் நாலு செக்‌ஷன் நடத்தும் சின்ன நர்சரிப் பள்ளி பதினைந்து பெற்றோர்மேல் வழக்குப் போட முடியுமா? வக்கீல் கட்டணமே பாக்கியை விழுங்கிவிடும். போதாததற்கு, இலவச ஒதுக்கீட்டுக்கு அரசு தர வேண்டிய பணம் தாமதமாகத்தான் வருகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததால் ஒன்றிய அரசு, பள்ளிக் கல்விக்குத் தரும் சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்த, 2025இல் வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும் ஒதுக்கீட்டுச் சேர்க்கையே அக்டோபர் வரை தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்று அந்த ஜூன் மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியும் அத்தனை மாதம் ஓடியது. இரண்டு அரசுகள் சண்டை போட்டால் கடைசியில் கம்பி ஜன்னலில்தான் வந்து விடிகிறது.

இப்போது வரிசையில் நின்ற அந்த இன்னொருவர். கேட்காமலே டி.சி. கொடுப்பதற்குப் பின்னால் இருப்பது 'சென்டம் ரிசல்ட்'. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. ஃப்ளெக்ஸ் பேனர் மட்டும் நிற்கவில்லை. 'பத்தாம் வகுப்பில் 100 சதவீதம்' என்று போட வேண்டுமானால் தடுமாறும் பிள்ளை ஒன்பதாவதோடு கிளம்பிவிட வேண்டும். எட்டாவது வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடுக்கிறது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தி ஐந்தாவதிலும் எட்டாவதிலும் பெயில் போட வழி செய்தபோதுகூட வெளியேற்றத் தடை அப்படியே இருக்கிறது. தமிழ்நாடு அந்தப் பெயிலையும் ஏற்கவில்லை. எட்டாவது வரை முழுத் தேர்ச்சிதான். ஆக, ஒன்பதாவதுதான் பள்ளிகளுக்குக் கை வைக்க வசதியான இடம்.

இங்கேதான் இரண்டாவது கட்டம் உதவுகிறது. டி.சி. என்பது பெற்றோர் விண்ணப்பித்த பிறகு தரப்படும் தாள். விண்ணப்பித்த நாள் என்று ஒரு கட்டமே அதில் இருக்கிறது. விண்ணப்பிக்காதவருக்கு அங்கே என்ன தேதி எழுதுவார்கள்? இது பள்ளிகளுக்கும் தெரியும். அதனால்தான் கூப்பிட்டுப் பேசும்போது "சொந்தக் காரணங்களுக்காக என் மகளின் டி.சி.யைப் பெற்றுக்கொள்கிறேன்" என்று டைப் அடித்த கடிதத்தை மேஜைமேல் தயாராக வைத்திருப்பார்கள். அந்தக் கையெழுத்து விழுந்த நொடியில் கட்டாயம் விருப்பமாக மாறிவிடுகிறது. அதற்கப்புறம் எந்த அதிகாரியிடம் போனாலும் "நீங்கதானே சார் கேட்டு வாங்கியிருக்கீங்க" என்பார். கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவதுதான் அந்த இடத்தில் பெற்றோர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். எங்களுக்குப் பின்னால் நின்றவர் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்.

இன்னொரு விசித்திரம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செலவைக் கண்காணிக்கலாம், வளர்ச்சித் திட்டம் போடலாம். ஆனால் உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு கிடையாது. அதாவது ஒரு ரூபாய் கட்டாத அரசுப் பள்ளிப் பெற்றோருக்குச் சட்டப்படி நாற்காலி உண்டு. வருடத்துக்கு லட்சம் ரூபாய் கட்டும் தனியார் பள்ளிப் பெற்றோருக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்க இடம் உண்டு. பணம் கொடுத்தால் பேச்சுரிமை கூடும் என்று நம்பித்தான் பலர் தனியாருக்குப் போகிறார்கள்.

கல்லூரிக்கும் இதே கதைதான், ஒரே வித்தியாசம் தாள்கள் அதிகம். பாதியில் விலகும் மாணவரின் பத்தாவது, பன்னிரண்டாவது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது, சேரும்போதே சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளுக்கு முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது, இடையில் 90, 80, 50 சதவீதம் என்று படிப்படியாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதை அடகுப் பொருள்போலப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

யாரிடம் புகார் செய்வது என்ற கேள்விக்கு விடை பலருக்குத் தெரியாது. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டத்துக்கு மாவட்டம் தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேலே தனியார் பள்ளிகள் இயக்குநர். கட்டணம் என்றால் கட்டண நிர்ணயக் குழு. பிள்ளையை வெயிலில் நிறுத்தினார்கள், வகுப்பில் எழுப்பி நிறுத்தி "உங்கப்பா எப்ப கட்டுவாரு" என்று கேட்டார்கள் என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதலாம். மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. எழுத நேரமில்லை என்றால் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது, அவசரம் என்றால் 1098.

ஆனால் இத்தனை கதவுகளையும் திறக்கும் சாவி ஒன்றுதான்: தேதி போட்ட ஒரு கடிதம். ஜன்னலில் நின்று கேட்டதற்குச் சாட்சி கிடையாது. "அவங்க வரவே இல்லையே சார்" என்று பள்ளி சொன்னால் அதோடு சரி. அன்றைக்கு நாங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினோம். அக்கா கைப்படவே எழுதினார். பையன் பெயர், எமிஸ் எண், படித்த வகுப்பு, டி.சி. வேண்டும், எமிஸிலும் விடுவிக்க வேண்டும், பாக்கி என்று சொல்லும் தொகைக்குத் தலைப்புவாரியாகக் கணக்கு வேண்டும். சண்டை வார்த்தை ஒன்றுகூட இல்லை. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் கேட்டோம். கிளார்க் முதல்வரைப் பார்த்துவிட்டு வந்து, முத்திரை எல்லாம் குத்த முடியாது என்றார். சரி என்று தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். தனியார் பள்ளிகள் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்கு உள்ளேதான்.

ஐந்தாம் நாள் பள்ளியிலிருந்து போன். வேன் பாக்கி 6,000ஐ மட்டும் அக்கா இரண்டு தவணையாகக் கட்ட ஒத்துக்கொண்டார், ரசீதோடு. மற்ற தலைப்புகளைப் பற்றி அவர்களும் பேசவில்லை. டி.சி.யை வாங்கி வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று படித்தோம். கட்டணம் செலுத்திவிட்டாரா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. நீதிமன்றம் கூடாது என்ற அதே வார்த்தை. திரும்ப உள்ளே போகலாமா என்று கேட்டேன். "விடுப்பா, ஸ்கூல் திறக்க நாலு நாள்தான் இருக்கு" என்றார் அக்கா.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அந்தக் கட்டத்தின் பக்கமே போகவில்லை. பையனை அருகில் கூப்பிட்டு, சட்டைக் காலரை விலக்கி, இடது கழுத்தில் மச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் அடுத்த எண்ணைப் போட்டு அவன் பெயரை எழுதினார்.